காற்றே இல்லாத மலாக்கா நீரிணைக்கு 9 மீட்டர் கேட்டமரான்: எடையை எங்கே குறைப்பது?

பினாங்குக்காரன்

வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாக அடுத்தவர் படகில் ஏறிப் பாய் இழுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் சொந்தமாக ஒன்று கட்டலாம் என்ற ஆசையும் அதற்கான கொஞ்சம் காசும் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன. போன ஆகஸ்டில் நண்பர் ஒருவருடைய 38 அடிக் கேட்டமரானில் (இரண்டு ஹல், அதாவது இரண்டு உடல் உள்ள படகு) லங்காவிக்குப் போனோம். இங்கிருந்து சுமார் 60 கடல் மைல். விடியற்காலை கிளம்பி இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம், அதில் பாய் வேலை செய்தது மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் இரண்டு டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. பாய் வெயிலுக்கு நிழல் தந்தது, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் சுமத்ரா மலைகள், இன்னொரு பக்கம் தீபகற்பத்தின் மலைகள், நடுவில் நாங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று ஓரளவு கிடைக்கும். மற்ற மாதங்களில் பகலில் கடல் காற்று, இரவில் கரைக்காற்று, இரண்டுமே 4 முதல் 8 நாட் தான் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). அப்புறம் திடீரென்று விடியலுக்கு முன்னால் மேற்கே ஒரு கருப்புச் சுவர் எழும்பும். அதுதான் சுமத்ரா புயல்காற்று. ஒரு மணி, இரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும், மறுபடி கண்ணாடி மாதிரிக் கடல்.

நான் வரைந்து வைத்திருப்பது: நீளம் 9 மீட்டர், நீர்க்கோட்டில் 8.7. இரண்டு ஹல்லுக்கும் நடுவே நின்றுகொண்டே நடமாடக்கூடிய கேபின், இரண்டு இரட்டைப் படுக்கை, 20 குதிரைசக்தி டீசல் இரண்டு, 300 லிட்டர் தண்ணீர், பிரிட்ஜ், சோலார். பாய் 48 சதுர மீட்டர் (மெயின் என்கிற பெரிய பாய் 32, ஜிப் என்கிற முன்பாய் 16). எல்லாவற்றையும் கூட்டினால் 4200 கிலோ வருகிறது. 6 நாட் காற்றில் 4 நாட் ஓட வேண்டும், அதுதான் ஆசை. ஓடுமா?

கணக்குப்பிள்ளை

ஓடாது.

சரி, காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கப்பல் வடிவமைப்பில்தான் பிழைப்பு, ஆனால் இது ஓய்வு நேரக் கணக்கு, அதனால் தவறு இருந்தால் யாராவது திருத்துங்கள்.

பலத்த காற்றில் படகைப் பிடித்து நிறுத்துவது அலை. படகு தானே கிளப்பும் அலையைத் தாண்ட முடியாமல் திணறும். அங்கேதான் ஒல்லியான ஹல் ஜெயிக்கிறது. மெல்லிய காற்றில், 3-4 நாட் வேகத்தில், அந்த அலை மிகச் சிறியது. அங்கே எதிரி உராய்வு மட்டும்தான், அதாவது தண்ணீரில் நனைந்திருக்கும் தோலின் பரப்பு. இந்த இடத்தில் கேட்டமரானுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு: அதே நீளத்தில் அதே எடையை ஒரு ஹல்லில் வைக்காமல் இரண்டாகப் பிரித்தால் நனையும் பரப்பு கிட்டத்தட்ட 1.4 மடங்காகும். ஒற்றை ஹல் படகுக்காரர்கள் காற்றில்லாத நாளில் நம்மைத் தாண்டிப் போய்விட்டுச் சிரிப்பது இதனால்தான். நம் பக்கம் இருக்கும் ஒரே சாதகம், கவிழாமல் இருக்க நமக்கு அடியில் ஈயம் வேண்டாம். அந்தச் சாதகத்தையும் பிரிட்ஜும் டீசலும் போட்டு நிரப்பிவிட்டால் பிறகு என்ன மிச்சம்?

உங்கள் படகுக்கே போட்டுப் பார்த்தேன். அரைவட்டக் குறுக்குவெட்டு என்று வைத்துக்கொண்டால், 4200 கிலோவுக்கு ஒவ்வொரு ஹல்லும் நீர்க்கோட்டில் 98 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். நீள-அகல விகிதம் 9க்கும் கீழே, அதாவது வாடகைப் படகு உடம்பு. நனையும் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். அதே நீளத்தில் 2400 கிலோவுக்கு வரைந்தால் அகலம் 74 சென்டிமீட்டர், விகிதம் 11.7, நனையும் பரப்பு 15. பாய்ப் பரப்பை அதால் வகுத்துப் பாருங்கள்: முதலாவதில் 2.4, இரண்டாவதில் 3.2. மெல்லிய காற்றுக்கு நான் பார்க்கும் முதல் எண் இதுதான். புரூஸ் எண் (பாய்ப் பரப்பின் வர்க்கமூலத்தை எடையின் கனமூலத்தால் வகுப்பது, அடியிலும் பவுண்டிலும்) 1.08லிருந்து 1.3க்கு ஏறுகிறது. முதலாவது சோம்பேறி, இரண்டாவது ஓடும்.

ஆகவே கேள்வி பாயை எவ்வளவு பெரிதாக்குவது என்பது இல்லை. அந்த 1800 கிலோவை எங்கே விடுவது என்பதுதான்.

சொகுசுப்பயணி

சிங்கப்பூரிலிருந்து. வந்துவிட்டார்கள் ஐயா, பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எடை குறைக்கும் கோஷ்டி!

நான் 12 மீட்டர்க் கேட்டமரானில் ஆறு வருடமாகப் போய்வருகிறேன். ஆமாம், எஞ்சினில்தான் போகிறேன். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் டீசல், மாலையில் குளிர்ந்த பானம், இரவில் நல்ல தூக்கம். இந்த வெயிலில் இரண்டு நாள் நிழலும் ஐஸும் இல்லாமல் இருந்து பாருங்கள், பிறகு நனையும் பரப்பைப் பற்றிப் பேசலாம். என் மனைவி ஒருமுறை இலகு ரகப் படகு ஒன்றில் வந்துவிட்டு, “இதில் என்னை மறுபடி கூப்பிட்டால் நான் விமானத்தில் வந்து அங்கே பார்த்துக்கொள்கிறேன்” என்றாள். படகைக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

பினாங்குக்காரன்

அண்ணே, உங்கள் கட்சியும் நியாயம்தான். ஆனால் எஞ்சினில் போவதானால் நான் எஞ்சின் படகே கட்டிவிடுவேனே, செலவும் பாதி. நாங்கள் இரண்டே பேர், எப்போதாவது தம்பி குடும்பம் வரும். நீண்ட பயணம் என்றால் புக்கெட் வரைக்கும், அதற்குமேல் இல்லை.

கணக்குப்பிள்ளை சார், 2400 என்பது ஆள், தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்தா?

கணக்குப்பிள்ளை

எல்லாம் சேர்த்து. காலிப் படகு 1500, மேலே ஏறுவது 900. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், முதலில் படகை வரைந்துவிட்டு அப்புறம் சாமான் பட்டியல் எழுதுகிறார்கள். பட்டியலை முதலில் எழுதுங்கள், அதிலிருந்து ஹல் வரட்டும்.

ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2400 கிலோவுக்கான ஹல்லில் 95 கிலோ ஏற்றினால் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். 600 கிலோ கூடினால் 6 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கேட்பதற்குச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அந்த 6 சென்டிமீட்டரில் பின்பலகை தண்ணீருக்குள் இறங்கிவிடும். மெல்லிய காற்றில் பின்னால் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள், பின்பக்கத்தில் குளுகுளுவென்று சத்தம் வந்தால் படகு ஒரு வாளித் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இரண்டு பேர் எழுந்து பாய்மரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் நின்றுபோகும், வேகமானியில் அரை நாட் கூடும். எந்தச் செலவும் இல்லாத வித்தை. ஆனால் பின்னால் எஞ்சின், அதன் மேலே சோலார் வளைவு, அதில் ரப்பர்ப் படகு, அதன் மோட்டார் என்று தொங்கவிட்டவர்களுக்கு இந்த வித்தை பலிக்காது.

எபாக்சி_கை

பிரிஸ்பேனிலிருந்து வணக்கம். வாடகைக் கொட்டகையில் நாலரை வருடம் செலவழித்து 8.5 மீட்டர் பிளைவுட் கேட்டமரான் கட்டியவன், அதனால் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது “போமா (நுரைப் பலகை), பிளைவுட்டா?” என்றுதான். என் பதில், இந்த அளவுப் படகுக்கு எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. 6 மில்லிமீட்டர் ஒகூமே (கனமில்லாத ஒரு மரம்) பிளைவுட் சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்குள். வெளியே 200 கிராம் கண்ணாடித் துணி, எபாக்சிப் பசை, உள்ளே பூச்சு எல்லாம் சேர்த்து 4 கிலோவுக்குள் முடிக்கலாம். 12 மில்லிமீட்டர்ப் போமுக்கு இரு பக்கமும் 600 கிராம் துணி போட்டால் அதுவும் 4 கிலோ பக்கம்தான் வரும். போம் பலகை இன்னும் விறைப்பாக இருக்கும், அழுகாது, அதெல்லாம் உண்மை. ஆனால் விலையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் மெராந்தி மரைன் பிளைவுட் சுலபமாகக் கிடைக்கும், ஒகூமேயை விடக் கனம் என்பதுதான் தொல்லை. டெக்குக்கும் சுவருக்கும் ஒகூமே, அடியில் பாறையில் உரசும் இடத்துக்கு மெராந்தி என்று பிரித்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பிஎஸ் 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) முத்திரை குத்தியிருந்த பலகை இரண்டாம் நாளே அப்பளம் மாதிரிப் பிரிந்து வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

எடை பலகையில் ஏறுவதில்லை, அதுதான் நான் சொல்ல வந்தது. என் படகு திட்டமிட்டதை விட 310 கிலோ கூடிப்போயிற்று. எங்கே போயிற்று என்று நோட்டைப் புரட்டினால் ஒரே இடத்தில் இல்லை. மூலைகளில் பசை மாவு வைக்கிறோமே, கட்டைவிரலால் இழுக்க வேண்டிய இடத்தில் டென்னிஸ் பந்தால் இழுத்திருக்கிறேன். மேற்பரப்பைச் சமமாக்கும் மாவு, அதைத் தேய்த்து எடுக்கச் சோம்பல். நாலு கோட் பெயின்ட் போதும் என்ற இடத்தில் ஆறு. “எதற்கும் இருக்கட்டும்” என்று ஒரு துணி கூடுதலாக. இந்த “எதற்கும் இருக்கட்டும்” தான் என் படகிலேயே கனமான பொருள்.

உங்கள் வெப்பத்துக்கு ஒரு எச்சரிக்கை. எபாக்சியை வாளியில் மொத்தமாகக் கலக்காதீர்கள். 400 கிராம் கலந்து போன் வந்ததென்று பேசப் போனேன், திரும்பி வந்தால் கப் புகைந்துகொண்டிருந்தது. அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் சூடு ஏறாது. ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட் போட்டால் உரிந்துவிடும்.

பினாங்குக்காரன்

பிளைவுட் என்றால் அரைவட்ட ஹல் வராதே? பலகை ஒரு திசையில்தானே வளையும். அப்போது ஜேம்ஸ் வாரம் (Wharram) வரைந்த படகு மாதிரி வி வடிவத்துக்குப் போய்விடலாமா? கட்டுவதற்கும் சுலபம்.

கணக்குப்பிள்ளை

ஜேம்ஸ் வாரம் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1950களில் தன் கையால் கட்டிய டாங்கரோவா என்ற கேட்டமரானில் இரண்டு பெண்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்தவர், கேட்டமரானில் கடலோடலாம் என்று யாரும் நம்பாத காலம் அது. அந்த வி வடிவம் உறுதியானது, மணலில் ஏற்றலாம், பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிற கீல் பலகை தனியாக வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டது மெல்லிய காற்றுக்கு.

கணக்கு இதோ. ஒரே கொள்ளளவுக்கு அரைவட்டத்தின் நனையும் சுற்றளவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 பாகை வி 113. 60 பாகைக் கூர்மையான வி 121. செங்குத்துச் சுவரும் தட்டை அடியும் உள்ள பெட்டியும் 113தான். ஆனால் அடியில் ஒரு குறுகிய தட்டைப் பலகை, இரு பக்கமும் 60 பாகையில் விரியும் பலகை, அதாவது அறுகோணத்தைப் பாதியாக வெட்டிய வடிவம், 105. மூன்று பலகை, இரண்டே மடிப்பு, அரைவட்டத்தை விட 5 சதவீதம்தான் கூடுதல். அந்த 5 சதவீதத்துக்காக வளைந்த ஹல் கட்டி ஒரு வருடத்தை இழக்க வேண்டாம்.

பலகை ஹல்லுக்கு அந்தக் கீல் வேலையைச் செய்ய, ஏற்றி இறக்கும் டாகர்போர்டு தேவை. ஒன்று போதும், ஒரு ஹல்லில் மட்டும். காற்று பின்னாலிருந்து வரும்போது தூக்கிவிடுங்கள், நனையும் பரப்பு இன்னும் குறையும். நிலைக்கீல் வேண்டாம்.

நாகூர்க்கடல்

தம்பி பினாங்கு, உங்க ஊர் சூலியா தெருவில் எங்க ஊர் தர்காவே இருக்கிறது, அதனால் சொந்தக்காரன் மாதிரி உரிமையோடு பேசுகிறேன்.

இந்த கேட்டமரான் என்ற பேரே நம்ம கட்டுமரத்திலிருந்து போனது, எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொருள் வேறு. நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, இரண்டு ஹல் கிடையாது. இரண்டு ஓடத்தை இணைப்பது பசிபிக் தீவுக்காரர்கள் வித்தை. பேர் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து எடுத்து அதுக்கு ஒட்டிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது எடையைப் பற்றி. கட்டுமரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் போடுவார்கள். சின்ன வயதில் அது ஏன் என்று கேட்டேன். “தண்ணி குடிச்ச மரம் ஓடாதுடா” என்றார் பெரியவர் ஒருவர். காலையில் அதே கட்டைகளை அதே வரிசையில் மறுபடி கட்டுவார்கள், தினமும். அப்படிப் பார்த்தால் எடையைக் குறைப்பது ஒரு தடவை செய்கிற காரியம் இல்லை. உங்க படகிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கரையில் இறக்கி வைத்துவிட்டு, தேவையானதை மட்டும் திரும்ப ஏற்றுங்கள். பாதி சாமான் கரையிலேயே நின்றுவிடும்.

திருமலை_வள்ளம்

நாகூர் ஐயா சொன்னது வடிவான கதை. நான் திருகோணமலை, இப்ப இருப்பது வேறு இடம், ஆனாலும் சித்திரை மாதத்தில் வாடையும் (வடகிழக்குக் காற்று) இல்லாமல் சோளகமும் (தென்மேற்குக் காற்று) தொடங்காமல் கடல் எண்ணெய் போலக் கிடப்பது நினைவிருக்கு.

ஒன்றை ஞாபகப்படுத்த வேணும். மெல்லிய காற்றுக்கென்று பாயைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், ஆனால் உங்கள் கடலில் சுமத்ராக் காற்றும் இருக்கு. நீர்கொழும்புப் பக்கம் ஒற்றைப் பக்கமிதவை வைத்த ஓருவில் பெரிய சதுரப் பாய் கட்டுவார்கள். காற்று கூடினால் ஒருவர் மிதவைக் கம்பில் ஏறி வெளியே போய் இருப்பார், இன்னும் கூடினால் இன்னொருவர். காற்றின் பலத்தையே “ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று” என்று அளந்தார்கள். மெல்லிய படகுக்குப் பாரமே மனுசர்தான். உங்கள் கேட்டமரானில் அப்படி வெளியே ஏறிப்போக முடியாது. கவிழ்ந்தால் திருப்பவும் முடியாது. அதற்கு என்ன கணக்கு?

கணக்குப்பிள்ளை

சரியான கேள்வி, நானே எழுத நினைத்தேன்.

எடையைக் குறைத்தால் கவிழாமல் தாங்கும் பலமும் குறையும், இதை மறைக்கக்கூடாது. ஹல்களின் நடுக்கோடுகளுக்கிடையே 4.8 மீட்டர், 2400 கிலோ, 48 சதுர மீட்டர்ப் பாய், பாயின் விசைமையம் 6.2 மீட்டர் உயரத்தில் என்று எடுத்தால், பாய் முழுக்க விரித்திருக்கும்போது சுமார் 27 நாட் காற்றில் ஒரு ஹல் தண்ணீரை விட்டு எழும்பத் தொடங்கும். அது அமைதியான கடலில், சீரான காற்றில். திடீர் வீச்சுக்கு 40 சதவீதம் விட்டுவிட்டால் 16 நாட் காற்றிலேயே முதல் சுருக்கு (பாயைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிச் சிறிதாக்குவது) போட்டாக வேண்டும். 4200 கிலோப் படகுக்கு இவை 36, 21. இன்னொன்று, சாமான் இல்லாமல் ஒரே ஆள் 1800 கிலோவில் போனால் 23, 14. அதாவது காலியாக, ஜாலியாகக் கிளம்புகிற நாள்தான் ஆபத்தான நாள்.

சுமத்ரா புயல்காற்றில் வீச்சு மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும், 43 நாட். 43க்கும் 16க்கும் இடையில் இருப்பது உங்கள் கண் மட்டும்தான். அதனால் என் விதி: இரவில் மெயினில் எப்போதும் ஒரு சுருக்கு போட்டிருக்க வேண்டும், காற்று 4 நாட்டாக இருந்தாலும் சரி. மேற்கே மின்னல் தெரிந்தால் மெயினை முழுக்க இறக்கிவிட்டுக் காத்திருங்கள். சுருக்குக் கயிறு பாய்மரத்தடிக்குப் போகாமலே காக்பிட்டிலிருந்து இழுக்கிற மாதிரி இருக்கட்டும். இதற்கு ஆகும் இரண்டு கிலோவை நான் மனமார அனுமதிக்கிறேன்.

பாய்மரத்தைக் குட்டையாக்கிப் பாதுகாப்புத் தேட வேண்டாம். காற்று மேலேதான் இருக்கிறது: 12 மீட்டர் உயரத்தில் 6 நாட் என்றால் 3 மீட்டரில் 5 நாட்தான், விசை வர்க்கத்தில் மாறுவதால் கீழே கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு. உயரமான மரம், அகலத் தலை மெயின், முன்னால் நீட்டிய கம்பில் 40 சதுர மீட்டர் மெல்லிய துணிப்பாய் ஒன்று, உருளையில் சுற்றி வைக்கிற மாதிரி. 10 நாட்டுக்கு மேல் அதைச் சுற்றிவிடுங்கள்.

சொகுசுப்பயணி

பார்த்தீர்களா, தூங்காமல் மின்னலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமாம். நான் அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.

அது போகட்டும், எஞ்சினுக்கு வாருங்கள். எடையைக் குறைக்க டீசலை விட்டுவிட்டு, அவுட்போர்டை (வெளியே தொங்கவிடும் பெட்ரோல் மோட்டார்) நம்பி நீரிணையில் போகிறீர்களா? எதிர்அலையில் அதன் காற்றாடி (புரொப்பெல்லர்) தண்ணீரை விட்டு வெளியே வந்து அலறும், நான் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் கப்பல் பாதை, இரவில் இழுவைப் படகுக்குப் பின்னால் விளக்கில்லாத பார்ஜ்.

எபாக்சி_கை

இதில் அண்ணன் சொல்வது பாதி சரி. பின்பலகையில் தொங்கவிட்ட அவுட்போர்டு அலையில் வெளியே வரும். அதனால்தான் நான் அதைப் பின்பலகையில் வைக்கவில்லை. நடுவில், இரண்டு ஹல்லையும் இணைக்கும் பின்விட்டத்துக்கு முன்னால், மடங்கித் தூக்கக்கூடிய சட்டத்தில் 9.9 குதிரைசக்தி உயர் உந்துவிசை வகை ஒன்று, நீண்ட தண்டு. பாயில் போகும்போது கயிற்றை இழுத்தால் முழுசாக மேலே வந்துவிடும், தண்ணீரில் எதுவும் தொங்காது. மெல்லிய காற்றுக்கு அது பெரிய லாபம், நிலையான காற்றாடி இரண்டைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போவது வாளி கட்டி நீச்சல் அடிக்கிற மாதிரி. எடை? 20 குதிரை டீசல் அதன் கியர்க்காலோடு 150 கிலோ பக்கம், இரண்டுக்கு 300. அவுட்போர்டு 50. இந்த ஒரு முடிவிலேயே 250 கிலோ போயிற்று, டாங்க், குழாய், எஞ்சின் மேடையெல்லாம் தனி.

குறையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வாசனை, ஆல்டர்நேட்டர் சின்னது, எதிர்க்காற்று 25 நாட் தாண்டினால் முன்னேறாது. அந்த நேரத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருப்பேன்.

நங்கூரம் என்றதும் ஞாபகம், 8 மில்லிமீட்டர்ச் சங்கிலி மீட்டருக்கு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. 50 மீட்டர் என்றால் 70 கிலோவுக்கு மேல், அதுவும் அணியத்தின் மூக்கு நுனியில். 15 மீட்டர்ச் சங்கிலி, மீதி கயிறு என்றால் 22 கிலோ. அதையும் பாய்மரத்தடிக்குக் கொண்டுவந்து வையுங்கள். பழைய அலை மட்டும் மிச்சமிருந்து காற்று செத்துப்போகும் நேரத்தில் நுனியில் கனம் உள்ள படகு ஊஞ்சல் மாதிரி ஆடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் பாயிலிருக்கும் கொஞ்சக் காற்றையும் உதறிவிடும். பேட்டரியும் அப்படியே, ஈய அமிலத்துக்குப் பதில் லித்தியம் போட்டால் 100 ஆம்பியருக்கு 28 கிலோ போய் 12 கிலோ, அதையும் நடுவில்.

பினாங்குக்காரன்

மூன்று வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும். சும்மா இருக்கவில்லை.

முதலில் எபாக்சி அண்ணன் பேச்சைக் கேட்டு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிப் பலகை செய்தேன். சந்தைக்காரரிடம் காய்கறித் தராசு இரவல் வாங்கி நிறுத்தேன். ஒகூமே, 200 கிராம் துணி, உருளையால் எபாக்சி: 4.6 கிலோ! 4க்குள் வரும் என்றீர்களே என்று கோபம் வந்தது. இரண்டாவது பலகையில் எபாக்சியை உருளைக்குப் பதில் ரப்பர்ப் பட்டையால் வழித்தேன். துணியின் நெசவு தெரிகிற அளவுக்கு வழித்துவிட்டு, மேலே உரிக்கும் துணி போட்டு, அடுத்த நாள் உரித்தேன். 3.9. வித்தியாசம் 700 கிராம். படகு முழுக்க 130 சதுர மீட்டர் பலகை இருக்கிறது, பெருக்கினால் 91 கிலோ, ஒரு சென்டிமீட்டர் மிதப்பு. ஒரு ரப்பர்ப் பட்டைக்கு!

அப்புறம் பட்டியலை உட்கார்ந்து வெட்டினோம். நடுக் கேபின் போயிற்று, அதற்குப் பதில் திறந்த தளத்தில் துணிக்கூரை. நிற்கும் உயரம் ஹல்லுக்குள் மட்டும், அடுப்பு ஒரு பக்கம், படுக்கை மறுபக்கம். தண்ணீர் 120 லிட்டர். பிரிட்ஜுக்குப் பதில் நல்ல ஐஸ் பெட்டி, லங்காவியில் ஐஸ் கிடைக்கும். என் மனைவியை நான் சம்மதிக்க வைக்கவில்லை, பட்டியலைப் பார்த்த உடனே அவளேதான் சொன்னாள், “மழை பெய்தால் நனையாமல் சமைக்க இடம் வேண்டும், கழிப்பறைக்குக் கதவு வேண்டும், மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.” கதவு 3 கிலோ. கணக்குப்பிள்ளை சார் மன்னிக்கவும், கதவு இருக்கிறது.

இப்போது கூட்டல் காலிப் படகுக்கு 1560, ஏற்றத்தோடு 2430.

கணக்குப்பிள்ளை

கதவை மன்னித்தேன். 1560 என்றால் கட்டி முடிக்கும்போது 1700 ஆகும், எனக்குத் தெரியும், அதனால் ஹல்லை 2600க்கு வரைகிறேன். அகலம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் கூடும். பின்பலகையின் அடிவிளிம்பை 2600லும் தண்ணீருக்கு 4 சென்டிமீட்டர் மேலே வைக்கிறேன். தளத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர் இருக்கட்டும், நீங்கள் வரைந்த 45 அலையில் மத்தளம் கொட்டும்.

திருமலை_வள்ளம்

அடியில் பாசியும் சிப்பியும் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் பாழ். உந்தத் தண்ணீரில் ஒரு மாதம் நின்றாலே சொரசொரப்பாகிவிடும், இல்லையா?

பினாங்குக்காரன்

ஆகும். அங்கேதான் இலகுப் படகுக்கு லாபம். இங்கே பெரிய வெள்ளத்தில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது) ஏற்றவற்றம் 2 மீட்டர் வரும். வெள்ளத்தில் மணலில் ஏற்றிவிட்டு, வற்றியதும் இரண்டு பேர் தென்னந்துடைப்பமும் வாளியுமாக இறங்கினால் அடுத்த வெள்ளத்துக்குள் வேலை முடிந்தது. கிரேன் செலவு இல்லை. அந்த மணலுக்காகத்தான் அடிப்பலகைக்கு மெராந்தி 12 மில்லிமீட்டர் போடுகிறேன், அதில் கஞ்சத்தனம் இல்லை.

நாகூர்க்கடல்

தென்னந்துடைப்பம் பச்சைக் குச்சியாக இருக்கட்டும், காய்ந்தது பெயின்ட்டைக் கீறும்.

சொகுசுப்பயணி

எல்லாம் சரி தம்பி. கடைசியாக ஒரே கேள்வி. படகு மிதந்ததும் நான் பார்க்க வருவேன், 24 கேன் பியர் ஒரு பெட்டி கொண்டுவருவேன். அதை உள்ளே விடுவீர்களா, வாசலிலேயே எடை போடுவீர்களா?

பினாங்குக்காரன்

போட்டுப் பார்த்துவிட்டேன் அண்ணே. பெட்டி 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, படகு ஒரு மில்லிமீட்டர் கூட அமிழாது. நீங்கள் எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.